சங்கிலியும் தந்தியும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருப்புப்பாதையின் நீளம் சுமார் 37 கிலோமீட்டர். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகிய சிறு நிலையங்கள் இடையில் உள்ளன. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் செல்லும் வண்டி இத்தொலைவை 22 நிமிடங்களில் கடந்துவிடும். ஏறத்தாழப் பாதி வழியில் பயணி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார் என வைத்துக்கொள்வோம். அருகில் இருப்போரின் கை உடனே எங்கே செல்லும்? அபாயச் சங்கிலியை நோக்கித்தான். அது சரியான செயலா? இவ்வினாவுக்கு விடை காண, அச்சங்கிலி பிறந்த கதையை முதலில் அறிவது நலம்.

ஒரு கொலையும் ஒரு கயிறும்

தொடக்ககால ஆங்கிலேய ரயில் பெட்டிகள் தனித்தனி அறைகளாக அமைந்திருந்தன. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல வழி கிடையாது. உள்ளே ஒருவர் நோயுற்றாலும் தாக்கப்பட்டாலும், வண்டி நிற்கும்வரை வெளியே எவருக்கும் தெரியாது. 1864ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் இரவு, லண்டனில் தாமஸ் பிரிக்ஸ் என்னும் வங்கி அலுவலர் ரயில் பெட்டியில் தாக்கப்பட்டு, இருப்புப்பாதையில் வீழ்ந்து கிடந்தார், பின்னர் உயிரிழந்தார். நாடே அதிர்ந்தது. அதன் பின் 1868ஆம் ஆண்டுச் சட்டம், 20 மைலுக்கு மேல் நிற்காமல் ஓடும் வண்டிகளில் பயணிகள் ரயில் ஊழியர்களுக்கு அறிவிக்க வழி இருக்க வேண்டும் என விதித்தது. போதிய காரணமின்றி அதனைப் பயன்படுத்துவோருக்கு 5 பவுன் வரை அபராதம்!

அந்நாளில் அவ்வழி வெறும் கயிறுதான். பெட்டிகளின் வெளிப்புறத்தில் ஓடிய அக்கயிற்றை, சன்னல் வழியே கையை நீட்டி இழுக்க வேண்டும். மணி ஒலிக்கும், வண்டி தானாக நிற்காது. 1889ஆம் ஆண்டு அயர்லாந்தில் அர்மா நகருக்கு அருகே நேர்ந்த கோர விபத்துக்குப் பிறகே, எல்லாப் பெட்டிகளையும் ஒருசேரப் பிடிக்கும் தொடர் பிரேக் அங்கே பயணி வண்டிகளுக்குக் கட்டாயமாயிற்று. கயிறு சங்கிலியாகி, மணியை விட்டுப் பிரேக்குடன் இணைந்தது.

நம் நாட்டில் 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் தகுந்த காரணமின்றி இக்கருவியைப் பயன்படுத்துவோருக்கு 50 ரூபாய் வரை அபராதம் விதித்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையை ஓராண்டுச் சிறை அல்லது 1000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என உயர்த்தியது. சக பயணியின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் அது தகுந்த காரணமே என்பதில் ஐயமில்லை.

காற்று செய்யும் வேலை

சங்கிலியை இழுக்கும் நம் கையின் வலிமையா அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்துகிறது? இல்லை, நிறுத்துவது காற்று. மீட்டர் பாதைக் காலத்தில் விழுப்புரம் வழியே ஓடிய வண்டிகளில் வெற்றிட பிரேக் இருந்தது. வண்டி நெடுகச் செல்லும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி, சுமார் 53 சென்டிமீட்டர் பாதரச அளவுக்கு வெற்றிடம் உண்டாக்குவார்கள். சங்கிலியை இழுத்தால் ஒரு வால்வு திறக்கும். வெளிக்காற்று உள்ளே புகுந்து பிஸ்டனைத் தள்ளும். பிரேக் கட்டைகள் சக்கரத்தை அழுத்தும். இக்கால வண்டிகளில் முறை நேர்மாறானது. குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டிருக்கும். சங்கிலி இழுக்கப்பட்டால் அது வெளியேறும். அழுத்தம் குறைவதைக் கண்டு டிரைவரும் வண்டியை நிறுத்துவார்.

இனி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 27.8 மீட்டர். வேகம் வினாடிக்கு வினாடி அரை மீட்டர் வீதம் குறைவதாகக் கொண்டால், வண்டி நிற்க ஏறத்தாழ 56 வினாடிகளும் 770 மீட்டரும் தேவை. நின்ற இடம் வயல்வெளியாக இருக்கலாம். அங்கே மருத்துவரும் இல்லை, சாலையும் இல்லை. அடுத்து, எப்பெட்டியில் சங்கிலி இழுபட்டது என ஊழியர் நடந்து வந்து பார்க்க வேண்டும். 22 மீட்டர் நீளமுள்ள 20 பெட்டிகள் என்றால் மொத்தம் 440 மீட்டர். நடுப்பெட்டிக்குச் சரளைக்கல் மீது நடந்து வர 4 நிமிடம். வால்வைச் சரிசெய்து திரும்ப மேலும் 4 நிமிடம். குழாயில் காற்று நிரம்பி வண்டி மீண்டும் வேகமெடுக்கச் சில நிமிடங்கள். பத்து நிமிடங்களுக்கு மேல் போய்விடும். நிற்காமல் சென்றிருந்தால், அதே நேரத்தில் வண்டி விழுப்புரத்தை எட்டியிருக்கும் அல்லவா?

தாமதம் அவ்வண்டியோடு நிற்பதுமில்லை. முன்வண்டி நகராதவரை பின்வண்டிக்குக் கைகாட்டி இறங்காது. விழுப்புரமோ சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைப் பாதைகள் கூடும் சந்திப்பு. புதுச்சேரிப் பாதை 1879ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி தாமதமானால், அதற்கு வழிவிட எதிர் வண்டியும் காத்து நிற்கும்.

வண்டியை முந்திய செய்தி

வண்டியை நிறுத்துவது ஒரு வழி. செய்தியை வண்டிக்கு முன்னே அனுப்புவது மற்றொரு வழி. இதன் வலிமையை உலகம் 1845ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் கண்டது. இங்கிலாந்தில் ஸ்லவ் என்னும் ஊரருகே கொலை செய்துவிட்டு, ஜான் டாவெல் என்பவன் லண்டன் வண்டியில் ஏறித் தப்பினான். தந்தி அவனை முந்திச் சென்றது. வண்டி வந்து சேரும்போதே பின்தொடர ஆள் காத்திருந்தான்! குற்றவாளியைப் பிடித்த அதே தத்துவம் நோயாளியைக் காக்கவும் வல்லது.

இன்று 139 என்ற எண்ணுக்குப் பேசினாலோ, டிக்கெட் பரிசோதகரிடம் சொன்னாலோ, செய்தி கட்டுப்பாட்டு அறைக்குச் சென்று அடுத்த நிலையத்தை எட்டும். தேவையானால் வழக்கமாக நில்லாத நிலையத்திலும் வண்டியை நிறுத்தச் செய்யலாம். 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் இயங்கும் 108 ஆம்புலன்ஸ் வாயிலில் காத்திருக்கலாம். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை உண்டு. விழுப்புரத்துக்குச் சற்று வடக்கே முண்டியம்பாக்கத்தில் 2010ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. செய்தி முன்னே சென்றால்தான் இவை பயன்தரும்.

ஆனால் இதயம் நின்றுபோனால் செய்தி மட்டும் போதாது. உயிர்வளி கிடைக்காவிடில் 4 முதல் 6 நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். நினைவின்றி மூச்சும் இன்றிக் கிடப்பவரை மெத்தை இருக்கையில் விடாமல், கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விடாது அழுத்த வேண்டும். ஒருவர் அழுத்த, மற்றொருவர் செய்தி சொல்ல வேண்டும்.

அப்படியானால் சங்கிலி வேண்டாத பொருளா? அன்று. வண்டி நிலையத்தில் நிற்கும்போதோ, அப்போதுதான் புறப்படும்போதோ ஒருவர் சாய்ந்தால், உதவி அருகிலேயே இருக்கிறது, தயங்காமல் இழுக்கலாம். எவரேனும் வண்டியிலிருந்து தவறி விழுந்தாலும், தீப்பிடித்தாலும் அவ்வாறே. இரு நிலையங்களுக்கு நடுவே நோயாளிக்காக இழுக்குமுன், வண்டி நிற்கப்போகும் இடத்தில் உதவி இருக்குமா என்று மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.