விரல் இல்லாத பேஸ்: மென்பொருள் பேஸ் கிட்டாரில் கையின் இடம்

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது செடெனாக். இப்போது அந்தப் பெயர் செய்தியில் வந்தால் பெரும்பாலும் தரவு மையங்களைப் பற்றியதாக இருக்கும். இசை ஆய்வுக்கு அந்த வட்டாரம் வேறு வகையில் பொருந்துகிறது. தீபகற்ப மலேசியாவின் தோட்டப்புறங்களில் கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் திரைப்பாடல் வாசித்த இசைக்குழுக்களுக்கு பேஸ் கிட்டார்காரர் இன்றியமையாதவர். இன்று வீட்டு அறையில் மடிக்கணினியும் சின்ன விசைப்பலகையும் வைத்துப் பாடல் செய்யும் இளைஞர் அந்த ஒருவரைக் கூப்பிடுவதில்லை; மென்பொருள் பேஸைத் திறக்கிறார். பாட்டு முடிந்ததும், பேஸ் மட்டும் ஏனோ உயிரில்லாமல் கிடக்கிறது என்கிறார். குறையைத் தீர்க்க விலை கூடிய இன்னொரு ஒலித்தொகுப்பை வாங்குகிறார். குறை அப்படியே இருக்கிறது.

அந்தக் குறை ஒலியின் தரத்திலிருந்து வருவதில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். பேஸ் வரி கை இல்லாமல் எழுதப்படுகிறது. எந்தத் தந்தியில், எந்த ஃப்ரெட்டில், இடக்கை எங்கே நின்றுகொண்டு இந்தச் சுரத்தை எடுத்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வரி, எத்தனை நல்ல மாதிரி ஒலியில் வாசித்தாலும் விசைப்பலகை வரியாகவே கேட்கும்.

முதலில் கருவி. லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ்தான் இன்றுவரை அளவுகோல். நான்கு தந்திகள், வெறுந்தந்தியின் அதிர்வெண்கள் தாழ்ந்ததிலிருந்து முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். இந்த நீளம்தான் வாசிப்பின் இலக்கணத்தை எழுதுகிறது. முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை 7 சென்டிமீட்டர்கூட இல்லை. எனவே கழுத்தின் தொடக்கத்தில் வாசிப்பவர் பலரும் நான்கு ஃப்ரெட்டை மூன்று விரலால் ஆள்கிறார்கள். மேலே போகும்போது விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று ஆகிறது. தாழ்ந்த பகுதியில் கை அடிக்கடி இடம் மாற வேண்டும். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் முந்தைய சுரம் இமைப்பொழுது முன்னதாகவே அடங்கும், அல்லது வழுக்கல் சத்தம் ஒன்று விழும். மென்பொருளின் பியானோ ரோல் கட்டத்தில் சுரங்களைச் செங்கல்போல இடைவெளியின்றி அடுக்குபவருக்கு இந்த இமைப்பொழுது கிடைப்பதில்லை.

இன்னொன்று, ஒரே சுரம் பல இடங்களில் இருக்கிறது. 55 ஹெர்ட்ஸ் சுரத்தை இரண்டாம் தந்தியை வெறுமனே மீட்டியும் எடுக்கலாம், தடித்த தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தியும் எடுக்கலாம். சுருதி ஒன்று, ஒலி இரண்டு. தடித்த தந்தியின் விறைப்பால் அதன் மேலொலிகள் கொஞ்சம் கூடுதலாகச் சுருதி ஏறும். அதோடு, தந்தியை மீட்டும் புள்ளியில் எந்த மேலொலிக்கு அசையாப் புள்ளி அமைகிறதோ அந்த மேலொலி எழாது. பாலத்திலிருந்து தந்தி நீளத்தில் எட்டில் ஒரு பங்குத் தொலைவில் மீட்டினால் வெறுந்தந்தியில் எட்டாம் மேலொலி காணாமல் போகிறது. வலக்கையை நகர்த்தாமல் பன்னிரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தினால் அதிரும் நீளம் பாதியாகிறது. அதே இடம் இப்போது நான்கில் ஒரு பங்கு. நான்காம் மேலொலி போய்விடுகிறது. இடக்கை நகர்ந்தால் வலக்கையின் நிறமும் மாறுகிறது என்பதே இதன் பொருள். தந்தியைத் தேர்ந்தெடுப்பது அலங்காரம் இல்லை. வெறுந்தந்திக்கு இன்னொரு விளைவும் உண்டு: அதை அடக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு விரல் வந்து தொட்டாக வேண்டும். அழுத்திய சுரமோ பிடியைத் தளர்த்தினாலே அடங்கிவிடும்.

ஒலித்தொகுப்புகள் இதை அறியாதவை அல்ல. 2009இல் வந்த டிரிலியன் 34 ஜிகாபைட் அளவுள்ளது. டென்மார்க்கின் தாமஸ் ஸ்காரும் உருவாக்கிய ஸ்கார்பி பேஸ்கள் தந்தி தந்தியாகப் பதிவு செய்யப்பட்டவை. ஆனால் நுட்பங்களைப் பயனரிடம் அவை தரும் விதம்தான் சிக்கல். பேஸின் வீச்சுக்குக் கீழே சும்மா கிடக்கும் விசைகளில் ஒன்றை அழுத்தினால் ஸ்லைடு, இன்னொன்றுக்குப் பாம் மியூட், வேறொன்றுக்கு ஸ்லாப். கீ-ஸ்விட்ச் எனப்படும் இந்த ஏற்பாடு வாசிப்பு நுட்பத்தை வண்ணப்பெட்டியாக்கிவிடுகிறது: எந்த நிறத்தையும் எப்போதும் எடுக்கலாம். மெய்யான கையில் அது முடியாது. புல்-ஆஃப் (மேற்சுரத்தை அழுத்திய விரலால் தந்தியை இழுத்துவிட்டுக் கீழ்ச்சுரத்தை எழுப்புவது) வாசிக்க வேண்டுமென்றால் கீழ்ச்சுரத்தில் ஒரு விரல் ஏற்கெனவே காத்திருக்க வேண்டும். அதே தந்தியில், கைக்கு எட்டும் தொலைவில்.

நுட்பங்களை வகைப்படுத்தக் கீ-ஸ்விட்சைவிட நல்ல வழி நம்மிடமே பழைய நாளில் இருந்தது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழ் மீட்டும் இடம் எட்டு வகை இசைக்கரணங்களைச் சொல்கிறது. அவற்றில் வார்தல் சுட்டுவிரலின் தொழில், வடித்தலில் சுட்டுவிரலோடு பெருவிரலும் கூடுகிறது என்று பழைய உரை விளக்குகிறது. கவனிக்க வேண்டியது, விளக்கம் விரலிலிருந்து தொடங்குவது. என்ன ஒலி வந்தது என்பதற்கு முன்னால், எந்த விரல் என்ன செய்தது என்று கேட்கிறது. யாழில் ஃப்ரெட் கிடையாது, பேஸுக்கும் யாழுக்கும் நேரடி உறவு எதுவும் கிடையாது. இருந்தும் வகைப்பாட்டின் தர்க்கம் செல்லும். மென்பொருள் பேஸின் முன் உட்காருபவர் கீ-ஸ்விட்ச் பட்டியலுக்குப் பதிலாக விரல்களின் நிலையை முதலில் தீர்மானித்தால், பாதிக்கு மேற்பட்ட நுட்பங்கள் தாமாகவே வந்து அமர்கின்றன.

வலக்கையை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 100 அடிக் காலப்பிரமாணத்தில் பதினாறாம் பங்குச் சுரம் 150 மில்லிவினாடி. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டினால் ஒவ்வொரு விரலுக்கும் 300 மில்லிவினாடி ஓய்வு கிடைக்கிறது. இரு விரலின் வலிமையும் ஒன்றில்லை. எனவே வெலாசிட்டி (மீட்டும் வலிமை) மதிப்புகள் ஏதோ ஒரு ஒழுங்கில் ஏறி இறங்கும். ‘மனிதத்தன்மை’ பொத்தானை அழுத்தினால் கிடைக்கும் குருட்டுச் சிதறல் இந்த ஒழுங்கைத் தருவதில்லை. ஆனால் மெல்லிய தந்தியிலிருந்து அடுத்த தடித்த தந்திக்கு இறங்கும்போது, மீட்டிய விரல் இயல்பாக அந்தத் தந்தியின்மேல் வந்து தங்குகிறது. பலர் அடுத்த சுரத்தை அதே விரலாலேயே மீட்டிவிடுவார்கள். அப்போது மாற்று ஒழுங்கு குலைகிறது. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பெரும்பாலும் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார். அவர் பாணியைப் போலச் செய்ய விரும்புபவர் இரண்டு விரல் ஒழுங்கை எழுதினால் தொடக்கத்திலேயே தவறுகிறார்.

சுரமே இல்லாத தட்டல்களும் இங்கேதான் பிறக்கின்றன. இடக்கை தந்தியைத் தொட்டபடி, அழுத்தாமல் இருக்க, வலக்கை ஓட்டத்தை நிறுத்தாமல் மீட்டுகிறது. கேட்பது ‘டக்’ என்ற அடி மட்டும். இதை எங்கே வைப்பது? கை இடம் மாறும் கணத்தில் வைத்தால் நம்பும்படி இருக்கும். தாளம் நிரப்ப எங்கு வேண்டுமானாலும் தூவினால் டிரம் மெஷின்போல ஆகும். இந்த அடிச்சத்தங்களுக்கு ஒலியியல் காரணமும் உண்டு. 41.2 ஹெர்ட்ஸில் ஓர் அதிர்வு முடியவே 24 மில்லிவினாடி ஆகிறது. காது சுருதியைப் பிடிப்பதற்குள் பல அதிர்வுகள் கடந்துவிடும். தாளத்தில் சுரம் எங்கே விழுந்தது என்பதைக் காதுக்குச் சொல்வது விரல் பட்ட சத்தம்தான். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அடிச்சுரம் ஒலிப்பதே இல்லை. மேலொலிகளும் விரல் சத்தமும்தான் எஞ்சுகின்றன. ‘சுத்தமான’ பேஸ் வேண்டும் என்று இவற்றை வெட்டி எறிவோர், கேட்பவரில் பெரும்பகுதியினருக்கு பேஸையே வெட்டி எறிகிறார்கள்.

தமிழ்ப் பாடலுக்கு வந்தால் சிக்கல் ஒரு படி கூடுகிறது. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரக்குறிப்பு எழுதித் தருபவர். அவர் பாடல்களில் பேஸ், ராகத்தின் ஆதாரச் சுரத்தைத் தாங்குவதோடு நிற்காமல் பாடகருக்கு எதிர்ப்பக்கம் தனி மெட்டாக நடக்கிறது. அவருக்காக நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். எழுதப்பட்டது சுரம்; எந்தத் தந்தி, எங்கே வழுக்கல், எங்கே அடக்கம் என்பவற்றுள் எவ்வளவு தாளில் இருந்தது, எவ்வளவு விரலில் இருந்தது என்று பிரித்தறிவது கடினம். இன்று அந்த வரிகளை மென்பொருளில் மீட்டெடுப்பவர் தாளை மட்டும் மீட்டெடுக்கிறார்.

அதற்கு மேல் கமகம். பாடகர் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போகிறார். அதைக் கேட்டுப் பழகிய நம் இளைஞர் பேஸிலும் பிட்ச்-பெண்ட் சக்கரத்தைத் தாராளமாக உருட்டுகிறார். ஃப்ரெட் வைத்த பேஸில் ஸ்லைடு படிப்படியாகவே ஏறும். இடையிலுள்ள ஒவ்வொரு அரைச்சுரமும் ஒரு கணம் தலைகாட்டிவிட்டுப் போகும். சக்கரம் தருவது படியில்லாத சறுக்கல், ஃப்ரெட்லெஸ் பேஸின் குணம். இரண்டையும் ஒரே வரியில் கலந்தால் கருவியின் அடையாளமே குழம்புகிறது. வீணையிலும் ஃப்ரெட் உண்டே, அதில் கமகம் வரவில்லையா என்று கேட்கலாம். வீணையில் தந்தியை ஃப்ரெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றுகிறார்கள். கருவியே அதற்கு இடம் கொடுத்துச் செய்யப்பட்டது. தடித்த பேஸ் தந்தியில் அவ்வளவு இழுப்பு கிடைக்காது. என் கருத்தில், பேஸ் கமகத்தைப் பின்பற்றாமல் இருப்பதே நம் திரைப்பாடலின் வலிமைகளில் ஒன்று. குரல் அசைய, பேஸ் படிகளில் நிற்கிறது. அந்த நிலைப்பால்தான் அசைவு தெரிகிறது.

மெய்ம்மை எதற்கு, மென்பொருள் மென்பொருளாகவே ஒலிக்கட்டுமே என்ற மறுப்பு வலுவானது. அதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற மின்னணுப் பெட்டி, பேஸ் வாசிப்பவர் இல்லாத இடத்தை நிரப்ப 1980களின் தொடக்கத்தில் வந்தது. பேஸ் கிட்டார்போல அது ஒலிக்கவே இல்லை. 1984இல் உற்பத்தி நின்றது. 1987இல் சிகாகோவின் ஃபியூச்சர் குழு அதே பெட்டியின் திருகுகளை ஓயாமல் திருப்பி ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வெளியிட்டது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகையே அதிலிருந்து எழுந்தது. மலேசியத் தமிழர் நடுவிலும் ஒப்பான ஒன்று உண்டு. ‘நிழல்கள்’ (1980) படத்தின் ‘மடை திறந்து’ பாடலை யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பில் ராப் பாடலாக்கினார்கள். பழைய பாட்டுக்குள் புதிய தாளம் நுழைந்ததைக் கேட்டு யாரும் பேஸ் விரலைத் தேடவில்லை.

இந்த மறுப்பை நான் ஏற்கிறேன், ஓர் எல்லையோடு. ராப்பில் ஒலி தன்னை இயந்திரம் என்றே அறிவித்துக்கொள்கிறது. கேட்பவரும் அதை அப்படியே ஏற்கிறார். தோட்டத்து மேடைப்பாடலின் சாயலில் மெல்லிசை செய்பவர் கருவியின் பெயரைச் சொல்லிக் கருவியின் கையை மறைக்கிறார். முந்தையது ஒரு தேர்வு. பிந்தையதில் பெரும்பாலும் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை.

தந்தியின் அதிர்வைக் கணக்கிட்டே ஒலி எழுப்பும் மென்பொருள்கள் வேறொரு வழியைத் திறந்திருக்கின்றன. கார்ப்ளஸ், ஸ்ட்ராங் இருவரும் 1983இல் வெளியிட்ட வழிமுறையை ஸ்டான்ஃபோர்டில் ஜூலியஸ் ஸ்மித் விரிவாக்கினார். யமஹாவின் விஎல்1 சிந்தசைசர் அந்த மரபில் 1994இல் கடைக்கு வந்தது. 2016இல் வெளியான மோடோ பேஸ் மென்பொருளும், வேறொரு முறையில், பேஸ் கிட்டாரின் ஒலியைக் கணக்கிட்டே எழுப்புகிறது. மீட்டும் இடத்தை நகர்த்தினால் மேலொலி கணக்கிலேயே மாறுகிறது. பதிவு செய்த மாதிரிகளைக் குவித்து வைக்கத் தேவையில்லை. சாதாரண மடிக்கணினி வைத்திருப்பவருக்கு இது பெரிய செய்தி. ஆனாலும் கை எங்கே நிற்க வேண்டும் என்று மென்பொருளே ஊகிக்கும்போது, அந்த ஊகம் எட்டுவதற்கு எளிய இடத்தையே தேடக்கூடும். தேர்ந்த வாசிப்பாளர் நிறத்துக்காகக் கடினமான இடத்தை வேண்டுமென்றே எடுப்பார்.

ஆகவே வேலை பதிவுகளுக்கே திரும்புகிறது. பழைய திரைப்பாடல்களின் பேஸ் வரிகளைச் சுரமாக மட்டும் எழுதி வைக்கும் இன்றைய பழக்கத்தோடு, தந்தி எண்ணையும் ஃப்ரெட்டையும் சேர்த்து எழுத வேண்டும். இதற்குச் சான்று ஒலிப்பதிவிலேயே கிடைக்கும். அடுத்த சுரம் தொடங்கிய பிறகும் ஒரு சுரம் அடங்காமல் நீண்டால் அது வெறுந்தந்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது அடுத்த சுரம் வேறு தந்தியில் இருந்தாக வேண்டும். வழுக்கல் கேட்டால் இரு சுரமும் ஒரே தந்தி. இப்படி நான்கைந்து புள்ளிகள் உறுதியானால் இடையிலுள்ள கை நகர்வை ஓரளவு ஊகிக்கலாம். ஊகம் இரண்டாகப் பிரியும் இடங்களில் இரண்டையும் குறித்து வைத்து, பேஸ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.