பிரம்படி யார் முதுகில்?

பிட்டுக்கு மண் சுமந்த கதையைக் கேட்காமல் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டாக அதை மாற்றலாமா என்று நண்பர்களோடு முயன்றேன். மாற்றும்போதுதான் கதைக்குள் ஒளிந்திருந்த சில கேள்விகள் வெளியே வந்தன. அவை வரலாறு பற்றிய கேள்விகள்.

முயற்சி புதிதல்ல. 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1983இல் லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதைகளை ‘டஞ்சன்லேண்ட்’ முதலான இரண்டு சாகசங்களாக ஆக்கினார். ஆலிஸின் இடத்தில் இப்போது ஆடுபவர்கள். கதையில் ஆலிஸ் என்ன செய்வாள் என்பது முன்பே எழுதப்பட்டுவிட்டது; ஆட்டத்திலோ, நடத்துபவர் சூழலை விவரித்துவிட்டு ‘இப்ப என்ன செய்யப் போற?’ என்று கேட்கிறார். நம் பரமபதத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. வைகுண்ட ஏகாதசி இரவெல்லாம் கண்விழித்து உருட்டியிருக்கிறேன். ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் தீர்ப்பு. புராணம் பலகைக்கு இறங்கி வந்தது. ஆடுபவருக்கு வாய் மட்டும் முளைக்கவில்லை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்தது 61ஆம் படலம். வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. ஆளில்லாத கிழவி வந்திக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுச் சிவன் வருகிறான். தின்கிறான், ஆடுகிறான், தூங்குகிறான். பாண்டியன் பிரம்பால் அடிக்க, அடி எல்லா உயிர்மேலும் விழுகிறது.

பாத்திரங்களைப் பங்கிட்டோம். முதல் சுற்றிலேயே வந்தியாக ஆடிய தோழி கேட்டார்: ‘உடைச்சது ஆறு. நான் எதுக்கு ஆள் தரணும்? தரமாட்டேன்னா என்ன ஆகும்?’ ஆட்டத்தை நடத்திய என்னிடம் பதில் இல்லை. புராணத்தில் அந்த வாக்கியத்துக்கு இடமே இல்லை.

காலனிய வரலாற்றில் இருக்கிறது. 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. ஏரி, ஆறு, கால்வாய்க் கரைகள் உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து ஆட்களை வேலைக்கு இழுக்கலாம், மறுத்தால் தண்டனை. பாண்டியன் வீட்டுக்கு ஓர் ஆளைக் கேட்டான். வெள்ளைக்காரன் சட்டம் உழைக்கும் வகுப்பாரில் உடல்வலுவுள்ள ஆண்களை மட்டும் கேட்டது. அடி எல்லோர்மேலும் விழுந்தது என்பது புராணம் கட்டமைக்கும் சமத்துவம். மண் யார் தலையில் ஏறியது என்பதைச் சட்டம் மறைக்கவில்லை.

ஆண்டுதோறும் ஆவணி மூலத்தன்று ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பில் இந்த லீலையைப் பட்டர்கள் நடத்திக் காட்டுகிறார்கள். கூலியாளாக வந்த சுவாமிக்குத் தங்கத்தில் கூடையும் மண்வெட்டியும். இதுவும் பாத்திரமேற்கும் ஆட்டம்தான். ஆனால் யார் எந்தப் பாத்திரம் என்பது பிறப்பிலேயே பங்கிடப்பட்டுவிட்டது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடக்கும்வரை தலித்துகளும் நாடார்களும் மீனாட்சி கோயிலுக்குள் கால் வைக்க முடியாது. கடவுள் கூலியாக வேடம் போடலாம். கூலிக்காரன் பக்தனாகக்கூட உள்ளே வரக்கூடாது.

ஆகவே கதையை விளையாட்டாக்குவது என்பது பாத்திரங்களையும் படங்களையும் அட்டையில் ஒட்டுகிற வேலையல்ல. கதைக்குள் பேச்சில்லாமல் இருந்தவருக்கு மறுக்கும் உரிமையைத் தருவது. மறுத்த பிறகு கதை எங்கே போகும் என்று பயப்படாமல் கூடப் போவது. எங்கள் வந்தி ஆள் தர மறுத்தார், பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், கரை பாதியில் நின்றது. கடவுள் வருவதற்கு வேலையே இல்லாமல் போனது.

அடுத்த வாரம் தொடரலாம் என்றார்கள். இரண்டு படலம் தள்ளினால் 63: சமணரைக் கழுவேற்றிய படலம். அந்த மேசையில் சமணராக உட்காருபவரிடமும் ‘இப்ப என்ன செய்யப் போற?’ என்று நான் கேட்டாக வேண்டும். அதைக் கேட்கத் துணிவில்லை என்றால் நான் ஆட்டம் நடத்துபவனல்ல, இன்னொரு புராணிகன்.