சுண்ணாம்பு தடவிய கலயம்

சாயல்குடி, கடலாடி முதல் மண்டபம், பாம்பன், இராமேசுவரம் தீவு வரை மணல் உள்ள இடமெல்லாம் பனை நிற்கும். அதன் பாளையிலிருந்து இரண்டு பொருள் இறங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். வெறுங்கலயத்தைக் கட்டினால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். 1937-ஆம் ஆண்டின் சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம் பின்னர் இங்கேயும் நடைமுறைக்கு வந்தபோது, இந்தக் கரையைப் பொறுத்தவரை குற்றத்துக்கும் தொழிலுக்கும் நடுவே இருந்தது அந்தச் சுண்ணாம்புப் பூச்சு மட்டுமே. அதைத் தடவுகிறவர் பனையேறி. இருட்டில் மர உச்சியில் நடப்பதை எந்தக் காவலரும் கீழே நின்று பார்க்க முடியாது. ஆகவே குடியைத் தடுக்கும் வேலையில் இங்கே முதல் ஆள் பனையேறிதான். அவரை அந்த வேலையில் நிறுத்தி வைக்க லத்தியைவிடக் கருப்பட்டிக்குக் கிடைத்த விலைக்கே அதிக வலிமை இருந்தது என்பது என் கணிப்பு.

அன்றைய ஆட்சியாளர்களும் இதை ஓரளவு உணர்ந்திருந்தார்கள். ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, அதைக் காவல்துறையின் தலையில் மட்டும் கட்டவில்லை. இழந்த கலால் வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. தொழில் இழந்த கள்ளிறக்குவோரைப் பனைவெல்லத்துக்குத் திருப்பும் பொறுப்பு கூட்டுறவுச் சங்கங்களிடம் போனது. காந்தி 1941-இல் எழுதிய நிர்மாணத் திட்டத்திலும் மருத்துவர், பெண்கள், மாணவர் என்று ஆளுக்கொரு பங்கு சொல்லியிருந்தார். குடிப்பவர் இளைப்பாற இடமும் வேண்டும் என்றார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2 அன்று, மாகாணம் முழுதும் மதுவிலக்கின் கீழ் வந்தது. 1953-இல் அமைந்த அகில இந்திய காதி கிராமத் தொழில் வாரியமும் பனைவெல்லத்தைத் தன் தொழில்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

கருப்பட்டி இந்தக் கரைக்குப் பழைய பொருளாயிற்றே, சங்கம் புதிதாக என்ன செய்துவிட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கள்ளுக்கு இறக்கிய அன்றே காசு, கருப்பட்டிக்கு அப்படியில்லை. இறக்கிய பதநீரை அன்றைக்கே அடுப்பேற்ற வேண்டும். விறகு பொறுக்கி, கொப்பரை முன்னால் பல மணி நேரம் நின்று, பாகு பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஆக மதுவிலக்கின் சுமையில் பாதி, எந்த அரசாணையிலும் பெயர் வராத இந்தப் பெண்களின் முதுகில் ஏறியது. ஆறு மாதப் பருவத்தில் காய்ச்சியதை விலை ஏறும்வரை வைத்திருக்க வசதி இல்லாத வீடு வியாபாரியிடம் முன்பணம் வாங்கும். பிறகு அவர் சொன்னதுதான் விலை. சங்கம் சரியாக நடந்த இடத்தில் உடைந்தது இந்தச் சங்கிலிதான். நடக்காத இடத்தில், பதநீர் உரிமத்தைக் காட்டிவிட்டு வெறுங்கலயம் கட்டும் ஆசை வந்ததில் வியப்பில்லை. இன்னொரு மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை: வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறப்போட்டுக் காய்ச்சிய சாராயத்துக்குப் பனையேறியும் வேண்டாம், மரமும் வேண்டாம். அதைப் பிடிக்கக் காவல்துறை வேண்டியிருந்தது. பங்குக்கோயிலும் ஜமாத்தும் குடிக்கிறவனைக் கண்டிக்கலாம். காய்ச்சுகிறவனை எதிர்கொள்ளும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. எனவே காவலர் வேண்டாம் என்பதல்ல என் வாதம். மற்றவர்கள் விலகிய பிறகு அவர் தனியாக நின்றதே கோளாறு.

விலகல் மெல்ல நடந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்து, சில ஆண்டுகளில் திரும்பி, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003-இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கே போனது. மது விற்பதும் மதுவிலக்கைக் காப்பதும் ஒரே அரசின் இரு கைகள் என்றான பிறகு, பனையேறியைக் கூட்டாளியாகக் கருத யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று, அவர் சந்தேகத்துக்குரியவரானார். 1985-இன் போதைப்பொருள் சட்டம், 1994-இல் வந்த கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை என்று கடல் பக்கம் காவல் பெருகியது. இலங்கைக்குக் கடத்தப்படும் கஞ்சாவைப் பிடிக்க அது தேவைதான். ஆனால் பதநீர்ப் பருவத்தில் சுண்ணாம்புக் கலயத்தோடு மரம் ஏறுகிறவரிடம், காய்ச்சிய கருப்பட்டியை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்கும் வேலை இவர்களில் எவருடைய பொறுப்புப் பட்டியலிலும் இல்லை.