ஜப்பான் கார்... சென்னை ரோடு: 'மாடிஃபை' செய்த வண்டியை ஓட்டினால் சட்டம் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். திருவான்மியூர் சிக்னலில் பால் வண்டிகளுக்கும் வாக்கிங் போகிறவர்களுக்கும் நடுவே ஒரு பழைய ஹோண்டா சிட்டி வந்து நிற்கிறது. வயது 20-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் உயரம் குறைத்து, அகலமான அலாய் வீல் போட்டு, பின்னால் கை நுழையும் அளவுக்கு சைலன்சர் வைத்திருக்கிறார்கள். பச்சை விழுந்ததும் கிளம்பும் சத்தத்தில் பக்கத்துத் தெருவில் நாய்கள் குரைக்கின்றன. வண்டி ஈசிஆர் பக்கம் திரும்புகிறது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதி அபார்ட்மென்ட் பார்க்கிங்குகளில் கவர் போட்டு மூடி வைத்திருக்கும் இந்த மாதிரி வண்டிகளை வைத்திருப்பவர்கள் 'ஜேடிஎம் பசங்க' என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். காருக்கு 2 லட்சம், அதன் மேல் செய்த வேலைக்கு 5 லட்சம் என்பதெல்லாம் இந்த வட்டத்தில் ஆச்சரியமான கணக்கு இல்லை. ஆனால் அவ்வளவு செலவு செய்த வண்டி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் அதே வண்டிதானா என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

ஜேடிஎம் என்றால் என்ன?

ஜப்பானிஸ் டொமஸ்டிக் மார்க்கெட். அதாவது ஜப்பான் நாட்டுக்குள் விற்பதற்காகவே தயாரான கார்கள். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், டொயோட்டா சுப்ரா, மஸ்டா ஆர்எக்ஸ்-7, மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷன் ஆகியவை இதில் தலைகள். ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, 2004 வரை எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் இருப்பதாகக் கணக்குக் காட்டவில்லை. ஆனால் உள்ளே இருந்த இன்ஜின் அதைவிடப் பெரிய வேலைக்குத் தயாராகவே இருந்தது. டர்போவை மாற்றி, கம்ப்யூட்டரைத் திருத்தினால் போதும், சக்தி எகிறும். 'ட்யூனிங்' என்ற கலாசாரம் பிறந்தது இப்படித்தான்.

சென்னைக்கு இது கப்பலில் வரவில்லை, திரையில் வந்தது. 2001-ல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' படம், 2003-ல் 'நீட் ஃபார் ஸ்பீட்: அண்டர்கிரவுண்ட்' கேம், 2006-ல் 'டோக்கியோ டிரிஃப்ட்'. அப்போது பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் கேம் ஆடிய பள்ளி மாணவர்கள்தான் இன்றைக்கு ஐ.டி. சம்பளத்தில் கார் கட்டுகிறார்கள்.

அசல் ஸ்கைலைனை இறக்குமதி செய்ய முடியாதா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்திய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அது தயாரான நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். எல்லா வரியும் சேர்ந்தால் வரியே காரின் மதிப்பைத் தாண்டிவிடும். 1999 மாடல் ஸ்கைலைன் மீது எத்தனை ஆசை இருந்தாலும், முதல் விதியிலேயே கதை முடிந்தது.

புதிய காராக வந்தவை சொற்பம். லேன்சர் எவல்யூஷன் 10-ஐ 2010-ல் இறக்குமதி செய்து விற்றார்கள். நிசான் ஜிடி-ஆர் 2016 டிசம்பரில் வந்தபோது அதன் ஷோரூம் விலையே 1 கோடியே 99 லட்சம் ரூபாய்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நிலைமை நேர் எதிர். இலங்கையில் ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்தான் நடுத்தரக் குடும்பத்தின் கார். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, 2025 பிப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சாதாரணமாகத் தெருவில் நிற்கும் ஜப்பானிய மாடலை, சென்னை இளைஞர் போனில் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

குறுக்கு வழியில் கொண்டுவந்தவர்களும் உண்டு. 2013 மார்ச்சில் வெளிநாட்டுச் சொகுசு கார்களை சுங்க வரி ஏய்ப்பு செய்து இறக்குமதி செய்ததாக எழுந்த புகாரில், சென்னையில் பல இடங்களில் சிபிஐ சோதனை நடத்தியது. 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் இறங்கியது. பூட்டான் வழியாகப் பழைய கார்களைக் கடத்தி, போலி ஆவணங்களால் இந்தியப் பதிவு எண் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. மலையாள நடிகர்களின் வீடுகள் வரை சோதனை போனது. 30-க்கும் மேற்பட்ட வண்டிகள் பறிமுதலாயின. 'பேப்பர் எல்லாம் பக்கா' என்று யாராவது குறைந்த விலைக்கு ஒரு இறக்குமதி காரைக் காட்டினால், சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

அப்படியானால் சென்னையில் ஓடுவது எது?

இங்கேயே தயாரான ஜப்பானிய கார்கள். அதில் ஒன்று சென்னையின் சொந்தப் பிள்ளை. மிட்சுபிஷி லேன்சரை 1998 முதல் திருவள்ளூர் ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. எவல்யூஷன் 4, 5, 6 மாடல்களின் அடிப்படை உடம்பும் இதே தலைமுறை லேன்சர்தான். அதனால் எவோ பம்பர், எவோ ஸ்பாய்லர் எல்லாம் இதற்குப் பொருந்தும். வெளியே பார்த்தால் உலக ராலி சாம்பியன், பானட்டைத் திறந்தால் சாதுவான 1.5 லிட்டர் இன்ஜின்!

இன்னொன்று 2000 முதல் 2003 வரை விற்ற ஹோண்டா சிட்டி வி-டெக். 1.5 லிட்டரில் 106 குதிரைத்திறன், அன்றைய இந்தியாவில் பெரிய விஷயம். இன்ஜின் வேகம் கூடக் கூட வால்வுகள் அதிக உயரம் திறக்கும்படி மாறுவதுதான் வி-டெக் நுட்பம். கீழே அமைதி, மேலே உறுமல். இன்றைக்கும் சேதமில்லாத ஒரு வி-டெக் விற்பனைக்கு வந்தால் போன் ஓயாது. இவற்றோடு மாருதி எஸ்டீம், பலேனோ, பிறகு ஸ்விஃப்ட்.

வேலை படிப்படியாக நடக்கும். முதலில் ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்டும். அடுத்து இன்ஜினின் கம்ப்யூட்டரைத் திருத்தும் 'ரீமேப்'. பிறகு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிரேக். பணமும் தைரியமும் மிச்சம் இருந்தால் டர்போ, அல்லது இன்ஜினையே மாற்றும் 'ஸ்வாப்'. புதுப் பொருளுக்கு ஜி.பி. ரோடு, கழற்றிய பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை, அங்கேயும் கிடைக்காததற்கு வெளிநாட்டு ஆர்டர்.

இதில் சென்னைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. குளிர்ந்த காற்றுக்காக இன்ஜினின் மூச்சுக்குழாயை பம்பருக்குக் கீழே இறக்கி வைப்பார்கள். நவம்பர் மழையில் தி.நகர் சப்வே பக்கம் முழங்கால் தண்ணீரில் இறங்கினால், இன்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரை அழுத்த முடியாது, அதனால் கனெக்டிங் ராடு வளையும். அவ்ளோதான், மொத்த இன்ஜினும் போச்சு.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களோடு முரண்படும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. கேரள உயர் நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தது. 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, அசல் வடிவத்தை மாற்ற அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது.

சிஎன்ஜி மாதிரி வேறு எரிபொருளுக்கு மாறுவது, மாற்றுத்திறனாளிகளுக்காக வாகனத்தை மாற்றி அமைப்பது ஆகியவற்றுக்கு வழி இருக்கிறது. இன்ஜின் பழுதாகி அதே வகை இன்ஜினைப் போடுவதாக இருந்தாலும் ஆர்டிஓ-வின் அனுமதி வாங்கி, புதிய எண்ணை ஆர்.சி.-யில் ஏற்ற வேண்டும். வண்டியின் நிறம்கூட ஆர்.சி.-யில் இருக்கிறது. முழுக்க வேறு பெயின்ட் அடித்தால் அதையும் பதிய வேண்டும்.

2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)-ஐப் பலர் கவனிப்பதே இல்லை. விதிக்கு மாறாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த 5,000 ஒரு மாற்றத்துக்கு. நான்கு மாற்றம் என்றால் 20,000. அதிக சத்தம், புகைக்குப் பிரிவு 190(2) தனியாக இருக்கிறது. அதில் முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம்.

ரோட்டில் மாட்டாதவர்களும் ஆர்டிஓ அலுவலகத்தில் மாட்டுவார்கள். தனியார் கார் 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.சி.-யைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை. வி-டெக் கார்கள் எல்லாமே 20 வயதைக் கடந்தவை. 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி அந்த வயதுக் கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணமே 10,000 ரூபாய். மந்தைவெளிக்கோ திருவான்மியூருக்கோ வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது அதிகாரி இன்ஜின் எண்ணைப் பார்ப்பார். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கழற்றிய அசல் சைலன்சரைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் பரண் மேல் வைத்திருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இங்கேதான் பெரிய அடி. செய்த மாற்றத்தை நிறுவனத்திடம் சொல்லாமல் இருந்தால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து பார்க்கும்போது க்ளைம் மறுக்கப்படலாம். இன்னொன்று, கார் பாலிசியில் 'எதற்குப் பயன்படுத்தலாம்' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ரேஸ், வேகச் சோதனை ஆகியவை அதில் விலக்கப்பட்டிருக்கும். ரேஸ் ஓட்டி இடித்த காருக்கு நஷ்டஈடு கேட்டால் கம்பெனி நீட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

ஈசிஆரில் ரேஸ் விட்டால்?

பிரிவு 189-ன்படி, மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் ஓட்டினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் 1 ஆண்டு, 10,000 ரூபாய். ஓட்டியவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. காரின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-ன்படி 5 ஆண்டு வரை சிறை.

அபராதத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 160 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 44 மீட்டர் போகிறது. குறுக்கே ஒரு சைக்கிள் வருவதைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 66 மீட்டர் போயிருக்கும். காய்ந்த ரோட்டில் நல்ல டயரோடு முழு பிரேக் போட்டாலும் நிற்க இன்னும் சுமார் 140 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 200 மீட்டருக்கு மேல். 80-ல் போயிருந்தால் 70 மீட்டரில் நின்றிருக்கும். ஈசிஆர் ரேஸ் டிராக் இல்லை. அது உத்தண்டி, கானத்தூர், முட்டுக்காடு, கோவளம் என ஊர்களின் வாசல் வழியாகப் போகும் ரோடு. விடியற்காலையில் அதைக் கடக்கிறவர்கள் மீன் வாங்கப் போகிறவர்களும் முதல் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்களும்.

இரண்டு லட்சத்துக்கு டர்போ போட்டு, பிரேக்கை அப்படியே விட்ட கார்களும் இந்த ரோட்டில் ஓடுகின்றன என்பது தனிக் கவலை.

சட்டப்படி எங்கே ஓட்டலாம்?

இந்த விஷயத்தில் சென்னைக்கு இந்தியாவின் வேறு பல நகரங்களுக்கு இல்லாத வசதி இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-லேயே தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து மேய்ந்து வேகம் கூட்டியவர்கள் அந்தக் காலத்து 'ட்யூனர்கள்'. கூட்டம் வெயிலில் நின்று பார்த்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்த டிராக் கட்டியது. 3.7 கிலோமீட்டர் நீளம், 12 திருப்பங்கள். இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். எஸ்டீமும் ஹோண்டா சிட்டியும் தேசிய சாம்பியன்ஷிப்பின் டூரிங் கார் பிரிவுகளில் பல ஆண்டுகள் மோதிய இடம் இது.

நகரத்து ரோட்டிலும் ரேஸ் நடந்திருக்கிறது, அரசே நடத்தியது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டிய ஃபார்முலா 4 ஸ்ட்ரீட் ரேஸ் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பாதையில் இரவில் நடந்தது. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்ஐஏ-வின் பாதுகாப்புச் சான்று கைக்கு வராமல் கார்களை ஓட விடக் கூடாது என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் நிபந்தனை. சான்று தாமதமானதால் முதல் நாள் நிகழ்ச்சியே தாமதமானது. தடுப்புச் சுவரும் வலையும் ஆம்புலன்ஸும் இருந்த ரோட்டுக்கே அந்த நிபந்தனை.

போட்டியில் ஓட்ட எஃப்எம்எஸ்சிஐ எனப்படும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் லைசென்ஸ் வேண்டும். ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, காருக்குள் இரும்புக் கூண்டு எல்லாம் கட்டாயம். முழுக்க ரேஸுக்காக மாற்றிய வண்டிகள் இருங்காட்டுக்கோட்டைக்கு ஓடிப் போவதில்லை, லாரியில் ஏறிப் போகின்றன. டிராக்கில் இறங்கிய பிறகு அவற்றின் சத்தத்துக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறீர்களா?

ஆசைப்பட்ட வி-டெக்கோ லேன்சரோ கிடைத்துவிட்டால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பானட்டைத் திறந்து இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் எம்பரிவாகன் செயலியில் வரும் விவரத்தோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் மாறியிருந்து அது ஆர்.சி.-யில் ஏறவில்லை என்றால், பெயர் மாற்றிய நாளிலிருந்து அந்தச் சிக்கல் உங்களுடையது. 'ஸ்டாக் பார்ட்ஸ் எங்கே?' என்று கேளுங்கள். காரோடு சேர்த்து ஒரு மூட்டையாக அதையும் கொடுக்கிறவரிடம் வாங்குவது நல்லது.