வாக்குப்பதிவு முடியும் நேரமும் முன்கூட்டிய முடிவறிவிப்பும்

பல நேர மண்டலங்களில் பரந்த நாட்டில், கிழக்கே எண்ணிய வாக்குகளின் போக்கு மேற்கே வரிசையில் நிற்பவரை எட்டிவிடுவதால் ஒரு சிக்கல் எழுகிறது. 1980 அமெரிக்க அதிபர் தேர்தலில் கலிபோர்னியாவில் மாலை 5.15 ஆனபோதே ரீகன் வென்றதாக என்பிசி தொலைக்காட்சி அறிவித்தது. அங்கே வாக்குச்சாவடிகள் மூட ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கையிலேயே அவரை எதிர்த்துப் போட்டியிட்ட கார்ட்டர் தோல்வியை ஏற்றார். எத்தனை பேர் வாக்களிக்காமல் திரும்பினர் என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை என்பதால் மாற்றம் வேண்டாம் என்போர் உண்டு. அது போதாத வாதம்: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் தேர்வும் அதே நாளில்தான் நடந்தது, சில நூறு வாக்குகளில் தீரும் தொகுதிக்குச் சிறு விலகலும் பெரிது.

செய்தியைத் தடுப்பதா, கடிகாரத்தைச் சீரமைப்பதா? கனடா இரண்டையும் செய்துபார்த்தது. முடிவுகளை முன்கூட்டி வெளியிடும் தடையை 2007இல் உச்ச நீதிமன்றம் 5-4 எனக் காத்தது. சமூக ஊடகக் காலத்தில் அது செல்லாக்காசாகி, 2014இல் நீக்கப்பட்டது. வாக்குப்பதிவு நேரங்களை மாற்றியமைத்த 1996இன் ஏற்பாடே நிலைத்தது. ஒன்டாரியோவின் பெரும்பகுதியில் இரவு 9.30க்கும், பிரிட்டிஷ் கொலம்பியாவில் மாலை 7க்கும் பதிவு முடிகிறது. நேர மண்டல வேறுபாட்டைக் கணக்கில் கொண்டால் உண்மையில் இடைவெளி அரை மணிதான். அட்லாண்டிக் மாகாணங்கள் முந்தினாலும் அவற்றின் நாடாளுமன்ற இடங்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. வேலை முடிந்து வருவோருக்கு ஏழு மணி நெருக்கடி என்பது நியாயமான மறுப்பு. காலை ஏழுக்கே சாவடி திறப்பதும் முன்கூட்டிய வாக்குப்பதிவு நாள்களும் அதைப் பெரிதும் தணிக்கின்றன.