இரகசிய நிக்காஹ்: மறைப்பின் வரலாறு

மனைவிக்குத் தெரியாமல் வேறோர் ஊரில் இன்னொரு குடும்பம் நடத்தி வந்தவரைப் பற்றிய செய்தி வெளியாகும்போதெல்லாம் நம்மிடையே ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. “நிக்காஹ் செய்துதானே வாழ்ந்தார், ஹராமான உறவில்லையே” என்பதே அது. நான்கு வரை மணக்க அனுமதியுண்டு, ஆகவே இதில் துரோகம் எங்கே என்று கேட்பவரும் உளர். அனுமதியைப் பற்றி நாம் இங்கே விவாதிக்கவில்லை. மறைப்பைப் பற்றியே பேசுகிறோம். மறைத்துச் செய்யும் திருமணத்தை முஸ்லிம் சமுதாயம் எவ்வாறு நோக்கியது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு.

திருமணத்தை ஊரறியச் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தினார்கள். ஆகுமான உறவையும் ஆகாத உறவையும் பிரித்துக் காட்டுவது தஃப் ஓசையும் மணச்செய்தியை அறிவிக்கும் குரலுமே என்ற கருத்தமைந்த நபிமொழி திர்மிதியில் இடம்பெற்றுள்ளது. தஃப் முழங்குவது கேளிக்கைக்காக மட்டுமன்று. இன்னார் இன்னாரின் துணை என்பதை ஊருக்குத் தெரிவிப்பதற்காகவும்தான்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் ஒரு வழக்கு வந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே சாட்சியாக இருந்து நடந்த திருமணம் அது. இது இரகசிய நிக்காஹ், இதை நான் அனுமதிக்கமாட்டேன் என்று கலீஃபா மறுத்துவிட்டார்கள். இதைக் குறித்து மக்களுக்கு முன்பே எச்சரித்திருந்தால் மிகக் கடுமையான தண்டனை வழங்கியிருப்பேன் என்றும் கூறினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

பின்வந்த சட்ட அறிஞர்களுக்கு நுட்பமான ஒரு கேள்வி எழுந்தது. சாட்சிகள் இருவர் முறைப்படி இருக்கிறார்கள்; ஆனால் “இதை வெளியே சொல்லாதீர்கள்” என்று அவர்களிடம் வாக்குறுதி வாங்கப்பட்டிருக்கிறது. அது இரகசியத் திருமணமா, இல்லையா? கொர்டோபாவின் அறிஞர் இப்னு ருஷ்த் தமது பிதாயத்துல் முஜ்தஹித் நூலில் இக்கருத்து வேறுபாட்டை எடுத்துரைக்கிறார். அது இரகசியத் திருமணமே, முறிக்கப்பட வேண்டும் என்பது இமாம் மாலிக் அவர்களின் முடிவு. சாட்சிகள் இருவர் அறிந்தபின் அது இரகசியமாகாது என்பது இமாம் அபூஹனீஃபா, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோரின் முடிவு.

தமிழ் முஸ்லிம்களில் ஏறத்தாழ அனைவரும் ஹனஃபி, ஷாஃபிஈ வழியினர். ஆகவே சாட்சிகளின் வாயை அடைத்துச் செய்த நிக்காஹும் நம் வழிமுறையில் செல்லுபடியாகிவிடுகிறது. மேலே சொன்ன சமாதானம் ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். ஆனால் ஒப்பந்தம் செல்லும் என்பது வேறு, அதை மறைத்து இன்னொருவரிடம் நாள்தோறும் பொய் சொல்லி வாழ்வது ஆகும் என்பது வேறு. அவ்விரு இமாம்களும் தீர்ப்பளித்தது முதலாவதைப் பற்றி மட்டுமே.

இவ்வேறுபாடு அன்றாட வாழ்வில் எத்தனை குழப்பம் விளைக்கும் என்பதை எகிப்தின் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது. அங்கே அரசுப் பதிவின்றி, ஒரு தாளில் எழுதி இரு சாட்சிகளின் கையொப்பத்துடன் முடிக்கும் திருமணத்தை ‘உர்ஃபி’ என்பர். அதை நாடியவர்களில் ஆண்கள் மட்டும் இருக்கவில்லை. மறுமணம் செய்தால் முதற் கணவரின் ஓய்வூதியம் நின்றுவிடும் என்றஞ்சிய விதவையரும் தம் திருமணத்தை அவ்வாறு மறைத்தனர். 1931இல் வந்த சட்டம் ஒன்று, அரசு ஆவணம் இல்லாத திருமணத்தை ஒரு தரப்பு மறுத்தால் அதுபற்றிய வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்றது. மக்களைப் பதிவுக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். ஆனால் மறைக்க விரும்பிய கணவனுக்கு அதுவே கேடயமாயிற்று. தாளைக் கிழித்துவிட்டால் போதும், மனைவி யாரோ ஒருத்தியாகிவிடுவாள். அவளால் மணவிலக்கும் கோர இயலாது, வேறொருவரை மணக்கவும் இயலாது. இத்தகைய பெண்கள் எழுத்துச் சான்று எதையேனும் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்ற வழி 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பிறந்தது.

2006இல் கெய்ரோவில் முடிவுக்கு வந்த ஒரு வழக்கு அந்நாட்டையே உலுக்கியது. நடிகர் ஒருவருடன் தனக்கு உர்ஃபி திருமணம் நடந்ததென்றும், ஒப்பந்தத்தின் இரு பிரதிகளையும் அவரே எடுத்துச் சென்றுவிட்டாரென்றும் இளம்பெண் ஒருவர் கூறினார். நடிகர் மறுத்தார், மரபணுச் சோதனைக்கும் உடன்படவில்லை. கீழ் நீதிமன்றம் பெண்ணின் கோரிக்கையை நிராகரித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, குழந்தையின் தந்தை அவரே என்று அவ்வாண்டு மே மாதம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அக்குழந்தை ஒரு வயதைத் தாண்டியிருந்தது.

முதல் மனைவியின் நிலையையும் அந்நாட்டுச் சட்டம் நோக்கியது. கணவர் மறுமணம் செய்தால் அவளுக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்பவேண்டும் என 1979இல் ஆணையிடப்பட்டது. நடைமுறைக் காரணத்தால் அச்சட்டம் 1985இல் செல்லாதெனத் தீர்ப்பாகி, அதே ஆண்டில் புதிய வடிவில் வந்தது. மறுமணத்தால் தீங்குற்ற மனைவி ஓராண்டுக்குள் மணவிலக்குக் கோரலாம் என்கிறது அது. அந்த ஓராண்டு, திருமணம் நடந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. அவள் அதை அறிந்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. எத்தனை ஆண்டுகள் மறைத்தாலும் மறைத்தவருக்கு அதனால் ஆதாயமில்லை. நம் பார்வையில் அச்சட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

மறைப்பின் கேடு பெரும்பாலும் ஜனாஸாவுக்குப் பின்னரே முழுமையாக வெளிப்படுகிறது. பிள்ளைகள் உள்ளவர் இறந்தால் அவருடைய மனைவியருக்கு எட்டில் ஒரு பங்கு. மனைவியர் இருவராயின் அதையே சமமாகப் பகிர்வர். இரண்டாம் மனைவியின் பிள்ளைகளும் முதல் மனைவியின் பிள்ளைகளைப் போன்றே வாரிசுகள். இரண்டாம் குடும்பம் இருப்பதே தெரியாதபோது, முதல் குடும்பத்தார் தம்மையறியாமல் பிறருடைய, சில வேளை அநாதைகளுடைய, பங்கை அனுபவிக்கிறார்கள். பேணுதலாக வாழ்ந்த ஒரு தாயையும் அவருடைய பிள்ளைகளையும் இந்நிலையில் நிறுத்திவிட்டுப் போவது எத்தகைய அநீதி! ஒரே தந்தைக்குப் பிறந்தோர் ஒருவரையொருவர் அறியாமலேயே மணப்பேச்சு வரை சென்றுவிடும் ஆபத்தும் இதில் உண்டு.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இதற்கு ஓர் ஏற்பாடு செய்தது. மனைவி இருக்க மறுமணம் செய்ய எண்ணுபவர், முப்பது நாட்களுக்கு முன்னரே காதியாருக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். அந்த அறிவித்தலின் பிரதிகள் ஜும்ஆப் பள்ளிகளில் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். மனைவியின் சம்மதத்தை அச்சட்டம் கேட்கவில்லை. அவள் அறியட்டும் என்பதோடு நின்றது. ஆயினும் பதிவு செய்யப்படாத திருமணமும் அச்சட்டத்தில் செல்லும் என்பதால், மறைக்க நினைப்பவருக்குக் கதவு முழுவதும் அடைபடவில்லை.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாச் சமயத்தாரின் திருமணமும் பதிவு செய்யப்படவேண்டும். அதற்கும் முன்பிருந்தே மஹல்லா ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடு நம்மிடம் இருந்து வருகிறது. வெளியூரில் மணம் முடிப்பவர் தம் ஜமாஅத்திடமிருந்து தடையில்லாச் சான்று பெற்றுச் செல்லும் வழக்கமும் உண்டு. மணமகனுக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்கிறதா என்று பெண் வீட்டார் அறிந்துகொள்ள எளிய வழி அந்த ஒற்றைத் தாளே. அவசரம் என்று சொல்லி, நண்பர் இருவரைச் சாட்சியாக அமர்த்தி, ஊர்ப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு நிக்காஹ் ஓதிவைக்க ஒருவர் கிடைத்துவிட்டால், அந்தத் தாளைக் கேட்பார் எவருமில்லை.