தொகுப்பின் எல்லை: வட்டுச் சேமிப்புத் திட்டமிடலின் வரலாறு, நெய்வேலியிலிருந்து ஒரு வாசிப்பு

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர்களுக்குத் ‘தொகுப்பு’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1962-இல் உற்பத்தியைத் தொடங்கி 600 மெகாவாட்டாக வளர்ந்த முதல் அனல்மின் நிலையத்தின் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. தலா 210 மெகாவாட் கொண்ட ஏழு அலகுகளுடன் எழுந்த இரண்டாம் அனல்மின் நிலையத்தின் மின்சாரமோ தென்மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டது. அத்தகைய பொது மின்சாரத்தைத்தான் நாளிதழ்கள் மத்தியத் தொகுப்பு என்று எழுதுகின்றன. ஒருவருக்கே உரியதா, பலருக்கும் பொதுவா? கணினி வட்டுகளைத் திட்டமிட்டவர்கள் முன்னும் இதே கேள்விதான் நின்றது. வட்டுத் தொகுப்பின் வரலாற்றைக் கொள்ளளவு பெருகிய கதையாகச் சொல்வது வழக்கம். ஒரு பழுது எதுவரை பரவலாம் என்ற எல்லையை வரைந்தும் அழித்தும் பார்த்த கதையாகவே நான் அதை வாசிக்கிறேன்.

1956-இல் வந்த ஐபிஎம் ரேமாக் 50 வட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. 1970-இல் அறிவிக்கப்பட்ட 3330 வகை வட்டடுக்கு ஒன்றில் 100 மெகாபைட் அடங்கியது. சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்த 1973-ஆம் ஆண்டுக் காலத்தில், எந்தக் கோப்பு எந்த வட்டில், எவ்வளவு இடத்தில் என்பதை மனிதரே கணக்கிட்டு எழுதித் தர வேண்டும். ஒரு வட்டு நிரம்பி வழிய, பக்கத்து வட்டு காலியாகக் கிடக்கும். ஆனால் ஒன்று கெட்டால் அதிலிருந்த கோப்புகள் மட்டுமே போகும். இந்த நன்மையை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை.

அதன் மதிப்பு 1978-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய சிஸ்டம்/38-க்குப் பிறகுதான் புரிந்தது. அந்தக் கணினி எல்லா வட்டுகளையும் நினைவகத்தையும் ஒரே பரப்பாகப் பார்த்தது. தரவை எல்லா வட்டுகளிலும் தானே தூவி வைத்தது. இட நிர்வாகத் தொல்லை ஒழிந்தது. விலை வேறிடத்தில் இருந்தது: ஒரு வட்டு பழுதானாலும் மொத்தத்தையும் காப்புநாடாவிலிருந்து மீட்க வேண்டியதாயிற்று. ஒரு வட்டு ஓராண்டில் கெட நூற்றுக்கு ஒரு வாய்ப்பு என்று கொள்வோம். பத்து வட்டுகளில் தூவினால், ஏதேனும் ஒன்று கெடும் வாய்ப்பு ஏறத்தாழ 9.6 விழுக்காடு.

இதற்கு இரண்டு விடைகள் எழுந்தன. பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட ரெய்டு ஆய்வுக் கட்டுரை, உபரித் தகவலைச் சேர்த்து வைத்து ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும் வழிகளை வகுத்தது. அதே ஆண்டு வந்த ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினி, தொகுப்பையே பாத்தி கட்டிப் பிரித்தது: கணினிக்கு ஒன்று, பயனர்களுக்குத் தனித்தனியாக. முதல் விடை இழப்பைத் தடுக்கிறது. இரண்டாவது, இழப்பு நேர்ந்தால் அதை வரப்புக்குள் நிறுத்துகிறது. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று நினைப்பதே திட்டமிடலில் நேரும் பெரும்பிழை என்பேன்.

அடுத்த கேள்வி, ஒரு வட்டு ஒரே கணினிக்குத்தான் உரியதா என்பது. பல கணினிகள் வட்டைப் பகிர்வது, 1983-இல் டிஜிட்டல் நிறுவனம் அறிவித்த வாக்ஸ்கிளஸ்டரிலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. ஏஎஸ்/400 மரபில் அது 2001-இல் தற்சார்புத் தொகுப்பாக வந்தது. கிளஸ்டரில், அதாவது இணைந்து இயங்கும் கணினிக் கூட்டத்தில், ஒரு கணினி விழுந்தால், அந்தத் தொகுப்பை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒன்றுக்கே உரிமை. தனிக்கணினியிலும் இதற்குப் பயன் உண்டு. சுரங்கக் கணக்கு ஒரு தொகுப்பிலும் மருத்துவமனைப் பதிவு இன்னொன்றிலும் இருந்தால், ஒன்றை நிறுத்தி ஏற்ற மொத்தக் கணினியையும் நிறுத்த வேண்டாம். ஆனால் எல்லாமும் அதற்குள் போகாது. பயனர் விவரங்கள் கணினியின் சொந்தத் தொகுப்பிலேயே தங்கும். அவற்றை இரண்டு கணினிகளிலும் ஒத்திருக்கும்படி முன்கூட்டியே வைக்காவிட்டால், தரவு வந்து சேர்ந்தும் ஊழியர் உள்ளே நுழைய முடியாது.

அப்படிக் கைமாறும் வட்டுப்பெட்டியும் ஒன்றே ஒன்றுதான் என்பதை மறக்கலாகாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைச் சூறையாடியது. அத்தகைய நாளில், இரண்டு கணினிகளும் அவற்றின் பொதுத் தொகுப்பும் ஒரே கட்டடத்தில் இருந்தால், அந்தக் கட்டடத்தின் சுவரே தொகுப்பின் எல்லை. தொலைவிலுள்ள இன்னோர் இடத்தில் தொகுப்பின் நிகர்ப்படியை வைக்கும் முறை, தற்சார்புத் தொகுப்பைத் தொடர்ந்து வந்தது இத்தகைய இடரைக் கருதித்தான்.